வீட்டிலிருந்து வேலை: எங்கே வலிக்கிறது, முதலில் எதை மாற்றுவது, எப்போது மருத்துவரிடம் போவது

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு மேசை, நாற்காலி, கணினி ஏற்பாடு செய்து கொடுக்கும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. கழுத்து வலி, இடுப்பு வலி, கண் எரிச்சல், கை மரத்துப்போவது என்று யாருக்கு எது வந்தாலும் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் பேச்சு "நல்ல நாற்காலியா ஒண்ணு சொல்லுங்க" என்றுதான் தொடங்கும். உண்மையில் நாற்காலி மாற்ற வேண்டியவர்கள் அவர்களில் கொஞ்சப் பேர்தான். பலருக்குத் திரையை உயர்த்தியதும், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்ததுமே போதுமானதாக இருந்தது. இன்னும் சிலர் நேரே மருத்துவரைப் பார்த்திருக்க வேண்டியவர்கள். தலையணையை மாற்றிப் பார்ப்பது, மெத்தையை மாற்றிப் பார்ப்பது என்று வாரக்கணக்கில் நாளைக் கடத்தியிருந்தார்கள்.

இந்த மூன்றில் நீங்கள் எந்த வகை என்று பிரித்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. அதனால் "மருத்துவரிடம் போங்கள்" என்று வரும் இடங்களில் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

## இவை இருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்கு

- இடுப்பு வலியோடு சிறுநீர் அடைத்துக்கொள்வது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போவது, தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, இரண்டு கால்களும் பலமிழப்பது. தண்டுவடத்தின் அடியில் உள்ள நரம்புக் கற்றை நசுங்கும்போது இப்படி ஆகும். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.
- நெஞ்சில் பாரம், தோள்பட்டைக்கோ இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, கூடவே வியர்வை, மூச்சுத் திணறல். "உட்கார்ந்த வாக்கில் பிடிச்சுக்கிச்சு" என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது.
- முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கையைத் தூக்க முடியாமல் போவது, பேச்சு குழறுவது.
- சில நொடிகளிலேயே உச்சத்துக்கு ஏறும், இதுவரை கண்டிராத தலைவலி. அல்லது காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த தலைவலி.

## எந்தத் தொந்தரவானாலும் முதலில் மூன்று சோதனைகள்

ஓய்வு நாள் சோதனை. வேலை இல்லாத நாளில் வலி குறைந்து, வேலை தொடங்கிய நாளின் மதியத்துக்குள் திரும்பி வருகிறதா? அப்படியானால் கோளாறு உட்காரும் இடத்திலோ பழக்கத்திலோ இருக்க வாய்ப்பு அதிகம். ஓய்வு நாளிலும் அதே வலி இருந்தால், அல்லது வலி நடு இரவில் எழுப்பினால், மேசையை நோண்டிக்கொண்டிருப்பதில் பலன் குறைவு. இதற்கு இரண்டு விதிவிலக்குகள் உண்டு, இடுப்பிலும் தலைவலியிலும். அங்கே சொல்கிறேன்.

பக்கவாட்டுப் படம். வேலை தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து, நீங்கள் கவனிக்காத நேரத்தில் வீட்டில் யாரையாவது பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். "நான் நேராத்தான் உட்கார்றேன்" என்று எல்லோரும் நம்புகிறோம். படம் எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்தால் நிமிர்ந்துவிடுவோம். தலை எவ்வளவு முன்னால் போயிருக்கிறது, முதுகு நாற்காலியைத் தொடுகிறதா, பாதம் தரையில் இருக்கிறதா என்ற மூன்றும் அந்த ஒரு படத்திலேயே தெரிந்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். நாற்காலி, தலையணை, திரை எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது. ஒன்றை மாற்றி ஒரு வாரம் பாருங்கள். காசு செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள்.

## கழுத்து, தோள்பட்டை வலி

### மதியத்துக்கு மேல் இரண்டு பக்கமும் இறுகிக்கொள்கிறது

லேப்டாப்பில் வேலை செய்பவர்களுக்கு வரும் வலி இதுதான். திரையும் கீபோர்டும் ஒன்றாக ஒட்டியிருப்பதால் கை வாட்டத்துக்கு வைத்தால் கழுத்து குனியும், கழுத்து வாட்டத்துக்கு வைத்தால் கை தூக்கிக்கொள்ளும். எந்த நாற்காலி வாங்கினாலும் இது தீராது.

முதலில் லேப்டாப்பை புத்தக அடுக்கின் மேல் ஏற்றி, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கோ சற்றுக் கீழேயோ வரும்படி வையுங்கள். கையை நீட்டினால் விரல் நுனி திரையைத் தொடும் தூரம் சரி. இப்போது கீபோர்டு எட்டாத உயரத்தில் இருக்கும் என்பதால் தனிக் கீபோர்டும் மவுஸும் தேவை. காசு செலவழிக்கத் தகுந்த முதல் பொருள் இவைதான் என்பது என் உறுதியான கருத்து. முழங்கை உடம்பை ஒட்டி, ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்கியிருந்தால் மேசை உயரம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். தோள் காதை நோக்கி ஏறியிருந்தால் மேசை உயரமாக இருக்கிறது. மேசையை அறுக்க வேண்டியதில்லை. நாற்காலியை ஏற்றிக்கொண்டு பாதத்துக்கு அடியில் ஏதாவது வைத்துக்கொள்ளலாம்.

இதோடு, தாடையை நேர்கோட்டில் பின்னுக்கு இழுத்து 5 நொடி நிறுத்தி விடுங்கள். ஒரு தடவைக்கு 10 முறை, நாளில் சில தடவை. தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் ஒன்றோடொன்று நெருக்கிப் பிடித்து விடுவதும் நல்லது.

### ஒரு பக்கம் மட்டும் வலிக்கிறது

எங்கேயோ ஒரு கோணல் இருக்கிறது. தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பேசுகிறீர்களா? இரண்டாவது திரை ஓரமாக இருக்க, நாள் முழுக்க அதையே திரும்பிப் பார்க்கிறீர்களா? மவுஸ் எட்டி எடுக்கும் தூரத்தில் இருக்கிறதா? வலது ஓரத்தில் எண் விசைகள் தனியாகச் சேர்ந்த அகலமான கீபோர்டு வலது கைக்காரர்களின் மவுஸை இன்னும் தள்ளிவிடும். எண்களை அதிகம் தட்டாதவர்கள் அந்தப் பகுதி இல்லாத சிறிய கீபோர்டுக்கு மாறிய பின் வலது தோள் வலி போனதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

### நாற்பது வயதுக்கு மேல், தலையைப் பின்னால் சாய்த்துப் பார்க்கிறீர்கள்

இது கண்ணாடியால் வருவது. எட்டப் பார்வையும் கிட்டப் பார்வையும் சேர்ந்த ஒரே கண்ணாடி போட்டிருப்பவர்கள், கீழ்ப் பகுதி வழியாகத் திரையைப் பார்க்கத் தாடையைத் தூக்குவார்கள். இவர்களுக்கு மட்டும் மேலே சொன்னதற்கு நேர்மாறாகத் திரையைத் தாழ்த்த வேண்டும். அதிலும் சரியாகவில்லை என்றால், கணினி தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி வேண்டுமா என்று கண் பரிசோதனையின்போது கேளுங்கள். கண்ணிலிருந்து திரை எவ்வளவு தூரம் என்று வீட்டிலேயே அளந்துகொண்டு போவது பெரிய உதவி.

### மருத்துவரிடம் எப்போது

வலி தோளைத் தாண்டிக் கைக்கு இறங்கினால், விரல் மரத்தால், கை பலம் குறைந்தால் அந்த வாரத்துக்குள். சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுவது, நடை தள்ளாடுவது இருந்தால் இன்னும் சீக்கிரம். இவை எதுவும் இல்லாத வெறும் இறுக்கம் நாலைந்து வாரம் திருத்தியும் குறையாவிட்டால் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள்.

## இடுப்பு வலி

### பொழுது ஏற ஏறக் கூடுகிறது, நடந்தால் குறைகிறது

ஒரே இருப்பில் இருப்பதுதான் காரணம். எவ்வளவு சரியாக உட்கார்ந்தாலும், மூன்று மணி நேரம் அசையாமல் இருந்தால் வலிக்கத்தான் செய்யும். அதனால் நான் உட்காரும் கோணத்தைத் திருத்துவதற்கு முன் எழுந்திருக்கும் இடைவெளியைத்தான் கேட்பேன். அரை மணிக்கு ஒருமுறை எழ ஒரு வழி செய்துகொள்ளுங்கள். அலாரத்தை எல்லோரும் இரண்டு நாளில் அணைத்துவிடுகிறார்கள். பெரிய தண்ணீர் பாட்டிலுக்குப் பதில் சின்ன டம்ளர் வைத்துக்கொள்வது, குரல் மட்டும் போதும் என்கிற மீட்டிங்குகளை நடந்துகொண்டே கேட்பது, சார்ஜரை வேறு அறையில் வைப்பது போன்றவைதான் நிலைக்கின்றன.

அடுத்து உட்காரும் விதம். இடுப்பு நாற்காலியின் பின்விளிம்பைத் தொடும்வரை பின்னால் தள்ளி உட்காருங்கள். முட்டியின் பின்பக்கத்துக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்கட்டும். இருக்கை அதைவிட ஆழமாக இருந்தால் யாராலும் சாய்ந்து உட்கார முடியாது. ஒரு துண்டைச் சுருட்டி இடுப்பு வளைவில் வைத்துப் பாருங்கள். துண்டு வைத்ததும் வலி குறைந்தால் உங்களுக்கு வேண்டியது இடுப்புத் தாங்கல். அதற்குத் தனி மெத்தை போதும்.

படுக்கையிலும் சோபாவிலும் வேலை செய்துகொண்டே இந்த வலிக்குத் தீர்வு தேடுபவர்கள் நிறைய. முதலில் ஒரு வாரம் சாதாரண சாப்பாட்டு மேசைக்கு மாறிப் பாருங்கள்.

நின்று வேலை செய்யும் மேசை பற்றியும் கேட்பார்கள். உட்கார்வதும் நிற்பதுமாக மாறி மாறி இருப்பதற்கு அது நல்ல கருவி. நாள் முழுக்க நிற்பதற்கு அல்ல. அப்படி நின்றால் வலி இடுப்பிலிருந்து காலுக்கு மாறும். நிற்பது உடற்பயிற்சியும் ஆகாது. வாங்கும் முன் உயரமான அலமாரித் தட்டு ஒன்றில் லேப்டாப்பை வைத்து சில நாள் நின்று பழகிப் பாருங்கள்.

நாற்காலி இந்த வரிசையில் கடைசி. மேலே உள்ளதையெல்லாம் செய்தும் போதாதபோது, இருக்கை உயரம், சாய்மானம், கைப்பிடி உயரம் மூன்றும் மாற்றக்கூடியதாக, உங்கள் தொடை நீளத்துக்குப் பொருந்துவதாகப் பார்த்து, உட்கார்ந்து பார்த்த பிறகு வாங்குங்கள்.

### திடீரென்று பிடித்துக்கொண்டது

குனிந்து நிமிரும்போது பிடிக்கும் வலி பயமுறுத்தும். ஆனாலும் பெரும்பாலானவை சில வாரங்களில் தானே தணிந்துவிடும். தவறாமல் எல்லோரும் செய்வது படுத்துவிடுவது. ஓரிரு நாளுக்கு மேல் படுத்தே இருந்தால் குணமாவது தாமதமாகும். தாங்கும் அளவுக்கு வீட்டுக்குள்ளேயே நடமாடுங்கள். துணி சுற்றிய வெந்நீர்ப் பையை 15 முதல் 20 நிமிடம் வைக்கலாம். வலி மாத்திரை வேண்டுமானால் மருந்தாளரிடமோ மருத்துவரிடமோ கேட்டு வாங்குங்கள். சிறுநீரகக் கோளாறு, குடல்புண், இதயநோய் உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் ஐபுப்ரூஃபன் போன்ற மாத்திரைகளைத் தாமாக எடுக்கக் கூடாது.

"உடனே எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துடலாமா?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும் முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டு பிதுங்கியிருப்பது சாதாரணமாகத் தென்படும். படத்தில் தெரிவதுதான் வலிக்குக் காரணம் என்று பயந்து நடமாட்டத்தைக் குறைத்துக்கொண்டவர்களை நான் அறிவேன். ஸ்கேன் வேண்டுமா என்பதை, பரிசோதித்த மருத்துவர் முடிவு செய்யட்டும்.

### பிட்டம் வழியாக முட்டிக்குக் கீழே இறங்குகிறது

நரம்பு உரசப்படுகிறது. இதுவும் பலருக்கு வாரங்களில் தணியும் என்றாலும், தொடக்கத்திலேயே ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வீட்டில் ஒரு சோதனை: சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலில் சில அடி, பிறகு முன்பாதத்தில் சில அடி நடந்து பாருங்கள். ஒரு கால் மட்டும் முடியவில்லை என்றால் காத்திருக்காமல் அன்றே போங்கள்.

### காலையில் விறைப்பு, ஓய்வில் கூடுகிறது, நடந்தால் இளகுகிறது

ஓய்வு நாள் சோதனை ஏமாற்றும் இடம் இது. வயது நாற்பதுக்குள், வலி மெதுவாகத் தொடங்கி மூன்று மாதத்தைத் தாண்டிவிட்டது, காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பு, பின்னிரவில் வலியால் விழிப்பு. இவை சேர்ந்து வந்தால் முதுகெலும்பு மூட்டுகளைத் தாக்கும் வாத அழற்சியாக இருக்கலாம். நாற்காலியைக் குறைசொல்லி ஆண்டுக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமல் போவது இதுதான். எலும்பு மருத்துவரைவிட, ருமட்டாலஜிஸ்ட் எனப்படும் மூட்டுவாத நிபுணரைப் பார்ப்பது நல்லது.

### வேறு எப்போது மருத்துவரிடம்

காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, எலும்பு அடர்த்தி குறையும் நோய் அல்லது நீண்டநாள் ஸ்டீராய்டு, விழுந்து அடிபட்டது, எப்படிப் படுத்தாலும் அடங்காத இரவு வலி. இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சி செய்து பார்க்க வேண்டாம், முதலில் மருத்துவர். எதுவும் இல்லாவிட்டாலும் ஆறு வாரம் தாண்டினால் காட்டுங்கள்.

## கை மரத்துப்போகிறது, மணிக்கட்டு வலிக்கிறது

எந்த விரல் என்று முதலில் பாருங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் நடுவிரலை ஒட்டிய பாதி. மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுகிறது. இரவில் மரத்து எழுப்பும், கையை உதறினால் தெளியும். கீபோர்டின் பின்கால்களை மடித்துத் தட்டையாக்குங்கள். மணிக்கட்டு மேல்நோக்கி வளையாமல் நேராக இருக்கும். மேசை விளிம்பில் மணிக்கட்டை ஊன்றாதீர்கள். அடுத்த படி, மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையை இரவில் மட்டும் போட்டு ஆறு வாரம் பார்ப்பது. சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, கர்ப்பம் இவற்றிலும் இது வரும் என்பதால் ரத்தப் பரிசோதனை ஒன்று தேவைப்படலாம். மரத்த உணர்வு விட்டுவிட்டு வராமல் நாள் முழுக்க நிலைத்துவிட்டால், பொருட்கள் கைநழுவினால், கட்டைவிரல் அடிச்சதை மெலிந்தால் தாமதிக்கக் கூடாது. மெலிந்த சதை அறுவை சிகிச்சைக்குப் பிறகும் முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

சுண்டு விரலும், மோதிர விரலில் அதை ஒட்டிய பாதியும். கோளாறு முழங்கையில். கடினமான கைப்பிடியில் முழங்கையை ஊன்றுவது, கையை நன்றாக மடக்கித் தொலைபேசியைக் காதில் வைத்தே பேசுவது, கையை மடக்கித் தூங்குவது. ஊன்றும் இடத்தில் மடித்த துண்டு, பேச ஹெட்செட், இரவில் முழங்கையைச் சுற்றித் தளர்வாகத் துணி. பெரும்பாலும் இவ்வளவே போதும்.

மரத்தல் இல்லை, மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கம் வலி. கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்து, மணிக்கட்டைச் சுண்டு விரல் பக்கம் மெல்லச் சாயுங்கள். சுரீர் என்றால் கட்டைவிரல் தசைநாண் அழற்சி. போனில் கட்டைவிரலால் தட்டுவதைக் குரல் தட்டச்சுக்கு மாற்றுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் குறையாவிட்டால் மருத்துவர்.

முழங்கையின் வெளிப்பக்கம் வலி. மவுஸை இறுக்கிப் பிடிக்கிறீர்கள், அல்லது எட்டிப் பிடிக்கிறீர்கள். அருகில் இழுங்கள். கணினி அமைப்பில் சுட்டியின் வேகத்தைக் கூட்டினால் கை குறைவாக நகரும்.

## கண் எரிச்சல், உறுத்தல், மங்கல்

திரையை உற்றுப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது பாதியாகவோ அதற்கும் கீழேயோ குறைந்துவிடுகிறது. கண்ணீர்ப்படலம் காய்கிறது. கண் உலர்ந்தவர்களுக்குச் சில நேரம் கண்ணீர் கொட்டும், அது குழப்ப வேண்டாம்.

இந்த வரிசையில் போங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 6 மீட்டர் தள்ளியுள்ள எதையாவது 20 நொடி பார்த்து, முழுதாகக் கண்ணை மூடித் திறங்கள். மின்விசிறி அல்லது ஏசி காற்று நேராக முகத்தில் அடிக்கிறதா என்று பார்த்துத் திருப்புங்கள். ஜன்னல் கணினித் திரைக்குப் பின்னாலோ உங்கள் முதுகுக்குப் பின்னாலோ இருந்தால் மேசையைத் திருப்பி, ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி செய்யுங்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள். திரையின் வெளிச்சமும் பின்னால் உள்ள சுவரின் வெளிச்சமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும்.

அடுத்தது கண்ணீருக்கு மாற்றான சொட்டு மருந்து. நாளில் நான்கு முறைக்கு மேல் தேவைப்பட்டால் பதப்படுத்தும் பொருள் சேர்க்காத வகையைக் கேளுங்கள். சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்து வேண்டாம், நிறுத்தியதும் சிவப்பு கூடும். வீட்டில் யாருக்கோ கொடுத்த ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தொடவே கூடாது. கண் அழுத்தத்தை ஏற்றிப் பார்வையையே பறிக்கக்கூடியது. நீல ஒளி தடுக்கும் கண்ணாடி கண் களைப்பைக் குறைக்கும் என்று ஆய்வுகளில் உறுதியாகவில்லை. அந்தக் காசைக் கண் பரிசோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

திடீரென மின்னல் வெட்டுவது போல ஒளி, புதிதாகக் கரும்புள்ளிகள், ஓரத்திலிருந்து திரை விழுவது போல நிழல் என்றால் அன்றே கண் மருத்துவர். விழித்திரை கழன்றிருக்கலாம். கடுமையான வலியோடு சிவந்த கண், விளக்கைச் சுற்றி வளையம், வாந்தி என்றாலும் அப்படியே.

## தலைவலி

மணியைக் குறித்து வையுங்கள். மாலை மட்டும் வருவது பெரும்பாலும் கண், கழுத்து, தண்ணீர் குடிக்காதது, வேளை தவறிச் சாப்பிடுவது. காலையில் எழும்போதே இருப்பது குறட்டையோடு மூச்சு தடைபடும் தூக்கத்தால் வரலாம், பல்லைக் கடிப்பதாலும் வரலாம்.

ஓய்வு நாளில் மட்டும் வருவது தனி ரகம், நான் சொன்ன இரண்டாவது விதிவிலக்கு. வேலை நாளில் காலையிலேயே காபி, அடுத்தடுத்து இன்னும் சில. ஓய்வு நாளில் தாமதமாக எழுந்து ஒன்றோடு நிறுத்துகிறீர்கள். கடைசிக் காபி குடித்து 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கலாம். ஒரேயடியாக நிறுத்தாமல் சில நாளுக்கு ஒரு கோப்பை வீதம் குறையுங்கள்.

மாத்திரைக் கணக்கையும் பாருங்கள். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளுக்கு மேல், பல மருந்துகள் சேர்ந்த கூட்டு வலி மாத்திரைகளையோ ஒற்றைத் தலைவலிக்கான டிரிப்டான் வகையையோ 10 நாளுக்கு மேல், மூன்று மாதம் தாண்டி எடுத்துவந்தால் அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். இதிலிருந்து வெளியே வர மருத்துவர் துணை வேண்டும். ரத்த அழுத்தம் பார்த்து நாளாகியிருந்தால் பார்த்துவிடுங்கள். 50 வயதுக்கு மேல் முதல்முறையாகத் தலைவலி தொடங்குவது, அதிலும் மெல்லும்போது தாடை வலிப்பது, தலையைச் சீவினால் வலிப்பது, அவசரமாகக் காட்ட வேண்டியது.

## கால் வீக்கம்

இரண்டு காலும் சமமாக, மாலையில் வீங்கி, காலையில் வடிந்தால் தொங்கவிட்டு உட்காருவதுதான் முதல் சந்தேகம். கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது, நடப்பது, மாலையில் காலை உயர்த்தி வைப்பது. சில ரத்த அழுத்த மாத்திரைகளும் (அம்லோடிபின் போன்றவை) இதைச் செய்யும். மருந்தை நீங்களாக நிறுத்தாமல் எழுதிக்கொடுத்தவரிடம் கேளுங்கள். காலையில் முகமும் வீங்குகிறது, சிறுநீர் நுரைக்கிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் சிறுநீரகம், இதயம் பார்க்க வேண்டும்.

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை வலித்து, சூடாக இருந்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். தேய்க்காதீர்கள், நீவிவிடச் சொல்லாதீர்கள். அன்றே மருத்துவமனை. மூச்சு வாங்கினால் அவசர ஊர்தி.

## இரவில் தூக்கம் இல்லை, பகலில் அசதி

இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. வீட்டிலிருந்து வேலை செய்யும்போது காலை வெயிலும் நடையும் காணாமல் போகின்றன. யாரும் அவற்றைப் பறித்ததாக உணர்வதில்லை, பயணம் மிச்சம் என்று மகிழ்கிறோம். அந்த நேரத்தில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுங்கள். வேலைக்கு முன் 20 நிமிடம், வேலை முடிந்ததும் 20 நிமிடம் வெளியே நடந்தால் வாரம் ஐந்து நாளில் 200 நிமிடம் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பும், இரண்டு நாள் தசைப் பயிற்சியும். மூச்சு சற்றே வாங்கும் வேகத்தில் நடந்தால் அந்த நடையே கணக்கில் வரும்.

எழும் நேரத்தை ஓய்வு நாளிலும் மாற்றாதீர்கள். படுக்கையில் வேலை வேண்டாம். காபியில் உள்ள கஃபீனில் பாதி உடம்பிலிருந்து வெளியேறவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகிறது. மதியத்தோடு நிறுத்திப் பாருங்கள். 20 நிமிடம் போலத் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள், புரண்டுகொண்டிருக்க வேண்டாம். பகல் மந்தத்துக்கு, மூடிய அறையில் ஜன்னலைத் திறந்து பாருங்கள். பல நேரம் அதுவே தெளிய வைக்கும்.

வாரத்தில் மூன்று இரவுக்கு மேல், மூன்று மாதமாகத் தூக்கம் இல்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை, தூக்கப் பழக்கங்களையும் எண்ணங்களையும் திருத்தும் உளவியல் பயிற்சி. தூக்க மாத்திரை அதற்குப் பிறகுதான். குறட்டையும், இரவில் மூச்சு நின்று திணறுவதும், போதுமான நேரம் தூங்கியும் பகலில் கண் சொருகுவதும் இருந்தால் தூக்க ஆய்வு தேவைப்படலாம். நன்றாகத் தூங்கியும் அசதி சில வாரம் தொடர்ந்தால் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12 பார்க்கச் சொல்வார்கள்.

## எதிலும் பிடிப்பில்லை, சின்ன விஷயத்துக்கும் எரிச்சல்

இதைக் கடைசியில்தான் சொல்வார்கள், அதுவும் இடுப்பு வலியைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு. உலக சுகாதார நிறுவனம் 2019இல், வேலைச் சோர்வு என்பதை நிர்வகிக்கப்படாத பணி அழுத்தத்தின் விளைவாக நோய்ப் பட்டியலில் விவரித்தது. நோயாக அதை வகைப்படுத்தவில்லை. அதனால் முதலில் தொட வேண்டியது வேலையைத்தான்.

வேலை முடியும் மணியை வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லி வையுங்கள். அந்த நேரத்தில் கணினியை மூடி, பார்வையில் படாமல் எடுத்து வையுங்கள். போனில் அலுவலக அறிவிப்புகளை அணையுங்கள். நாளில் ஒருவரிடமாவது வேலை அல்லாத விஷயத்தை வாய்விட்டுப் பேசுங்கள். வேலைப் பளுவே தாங்க முடியாததாக இருந்தால் மேலாளரிடம் எண்ணிக்கையோடு பேசுங்கள்: இந்த வாரம் இத்தனை பணிகள், இத்தனை மணி நேரம், எதைத் தள்ளிவைக்கலாம் என்று.

விடுமுறை எடுத்தும் தெளியாத சோகம், பிடித்ததெல்லாம் சலிப்பது, பசியும் தூக்கமும் மாறுவது இரண்டு வாரம் நீடித்தால் மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். சிகிச்சை உண்டு, பலன் தரும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால்கூட அந்த நிமிடமே அருகில் இருப்பவரிடம் சொல்லுங்கள், உங்கள் பகுதியின் உதவி எண்ணை அழையுங்கள், தனியாக இருக்காதீர்கள்.

## தொண்டையும் காதும்

தொண்டை கட்டுவதற்குக் காரணம் மீட்டிங்கில் கத்திப் பேசுவது. நல்ல மைக் போதும். குரல் கரகரப்பு நாலு வாரம் போகாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவர். ஹெட்போன் ஒலியைப் பாதியளவில் வையுங்கள். பின்னணி இரைச்சலை அடக்கும் வகை இருந்தால் ஒலியைக் கூட்டத் தேவை வராது. ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அழுக்கு அடைத்திருக்கிறது என்று எண்ணெய் விட்டுக் காத்திருக்காதீர்கள். ஓரிரு நாளுக்குள் சிகிச்சை தொடங்கினால் கேட்கும் திறன் திரும்ப வாய்ப்பு அதிகம்.

## மருத்துவரைப் பார்க்கப் போகும்போது

ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: எப்போது தொடங்கியது, எந்த மணிக்குக் கூடுகிறது, எது செய்தால் குறைகிறது, ஓய்வு நாளில் எப்படி, இதுவரை எதையெல்லாம் மாற்றிப் பார்த்தீர்கள், எடுத்துக்கொள்ளும் எல்லா மாத்திரைகளும். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கிளம்பும் முன், எத்தனை நாளில் குறைய வேண்டும், குறையாவிட்டால் அடுத்து என்ன, எந்த அறிகுறி வந்தால் உடனே திரும்பி வர வேண்டும் என்று கேட்டு அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.